ஒரு காதில் ஒரு பாட்டு, மறு காதில் இன்னொரு பாட்டு!

கல்யாணப் பந்தலில் கம்ப்யூட்டர் செய்யும் வேலை

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைத் தாண்டி, கடலோரத்தில் இருக்கிறது வீராம்பட்டினம். மீனவர்கள் வாழும் ஊர். செங்கழுநீர் அம்மன் கோவில் இந்த ஊரின் பெருமை. ஆடி மாதம் அம்மனுக்குத் தேர்த் திருவிழா. சுற்றுவட்டாரம் முழுவதும் அன்று இங்கே திரண்டுவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், கவர்னரே நேரில் வந்து தேரோட்டத்தைத் தொடங்கி வைப்பது வழக்கம். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. இப்போது துணைநிலை ஆளுநரும், முதல்-அமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள்.

தேர் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் பாட்டு. திருவிழா மட்டுமா? கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுவீடு என்று எந்த விசேஷமானாலும் முதலில் வந்து இறங்குவது ஒலிபெருக்கிதான். இது வீராம்பட்டினத்துக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. தமிழ் பேசும் எல்லா ஊருக்கும் பொது.

முன்பு அந்தப் பெட்டியோடு வந்து இறங்கியவருக்கு "மைக் செட்காரர்" என்று பெயர். இப்போது அதே இடத்தில் ஒரு இளைஞர் வந்து நிற்கிறார். காதில் பெரிய ஹெட்போன். எதிரே ஒரு லேப்டாப். அவருக்கு "டி.ஜே." என்று பெயர்.

"இவர் என்ன செய்கிறார்? பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நின்று ஆடிக்கொண்டு இருக்கிறாரே! இதற்கு ஒரு சம்பளமா?"

பந்தலில் உட்கார்ந்து இருக்கும் பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால், மைக் செட்காரரிடம் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த அரை நிமிடம்

பழைய கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டுதான் இருக்கும். தட்டை அரக்கில் செய்வார்கள். மரத்தில் பூச்சிகள் வைக்கும் அரக்கு இருக்கிறதே, அதே அரக்குதான். கை தவறிக் கீழே விழுந்தால் அப்பளம் போல் நொறுங்கிவிடும்.

பாட்டு முடிந்ததும், மைக் செட்காரர் முள்ளை எடுப்பார். தட்டைத் திருப்புவார், அல்லது வேறு தட்டு வைப்பார். ஊசியை மாற்றுவார். மறுபடியும் முள்ளை வைப்பார். இதற்கெல்லாம் அரை நிமிடமாவது ஆகும்.

அந்த அரை நிமிடம் பந்தல் வெறிச்சென்று ஆகிவிடும். எங்கோ குழந்தை அழுவது கேட்கும். சமையற்கட்டில் சண்டை நடந்தால் அதுவும் கேட்கும்! அதனால்தான் மைக் செட்காரர்கள், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று எதையாவது சொல்லி அந்த இடைவெளியை நிரப்பினார்கள்.

இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வரும் அந்த மவுனத்தை ஒழிப்பதுதான் டி.ஜே.யின் தொழில். ஒரு பாட்டு முடிவதற்குள், அதன் தாளம் கெடாமல், அடுத்த பாட்டைக் கொண்டுவந்து அதன் மேல் சேர்த்துவிட வேண்டும். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது.

குதிரைக்காரர்

"டி.ஜே." என்பது "டிஸ்க் ஜாக்கி" என்பதன் சுருக்கம். டிஸ்க் என்றால் தட்டு. ஜாக்கி என்றால் பந்தயக் குதிரை ஓட்டுகிறவர். தட்டை ஓட்டும் குதிரைக்காரர்! முதலில் அமெரிக்காவில் ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர்களைத்தான் இப்படி அழைத்தார்கள். 1930-களில் பிறந்த சொல் இது.

ஆடுவதற்கென்று தட்டுப் போடும் கூடத்துக்கு "டிஸ்கோதெக்" என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். புதுச்சேரி ரொமேன் ரோலன் நூலகத்தைப் பார்த்தவர்களுக்கு "பிப்லியோதெக்" என்ற சொல் பழக்கமாக இருக்கும். புத்தகம் வைக்கும் இடம் பிப்லியோதெக். இசைத்தட்டு வைக்கும் இடம் டிஸ்கோதெக். அவ்வளவுதான் பொருள்.

பாரிஸ் நகரத்தில் 1953-ம் ஆண்டு, ரெஜின் என்ற பெண்மணி இப்படிப்பட்ட ஒரு கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் அந்தப் பெட்டியும் ஊமையாகிவிடும். ரெஜின் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, இரண்டு கிராமபோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று முடியும்போது மற்றொன்றை ஓடவிட்டார். இந்த முறையைத் தொடங்கியது தாம்தான் என்று அவர் கடைசி வரையில் சொல்லிக்கொண்டார். 2022-ல்தான் அவர் காலமானார். டி.ஜே. தொழில் ஆண்களின் தொழில் என்று நினைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

தங்கைக்குத் துணி வாங்க...

அடுத்த படி, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில். பிராங்க்ஸ் என்பது அங்கே ஏழைகள் மிகுந்த பகுதி. 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி, அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். எதற்காக? பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு கட்டணம் வைத்தாள். (அமெரிக்கக் காசு!)

தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஊரார் வைத்த பெயர் "கூல் ஹெர்க்". ஜமைக்கா தீவில் பிறந்தவர். அப்போது அவருக்கு 18 வயது.

ஹெர்க் ஒன்றைக் கவனித்து இருந்தார். பாடகர் நிறுத்தி, மற்ற வாத்தியங்களும் நின்று, மேளம் மட்டும் தனியாக முழங்கும் சில விநாடிகள் பாட்டில் வருமே, அப்போதுதான் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது. ஆனால் அந்தக் கட்டம் உடனே முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒரே தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒன்றில் மேளம் முடிந்ததும், மற்றொன்றில் அதே மேளத்தை முதலில் இருந்து போட்டார். அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னால் சுற்றிவைத்துக்கொண்டார். பத்து விநாடி மேளம் பல நிமிட மேளமாக நீண்டது! உலகம் முழுவதும் பரவிய "ஹிப் ஹாப்" இசைக்கு அந்த விருந்து நாளையே பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் ஊரில் தவில்காரரின் தனி ஆவர்த்தனத்தை ரசிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

பாட்டு எண்ணாக மாறுகிறது

இனி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

தட்டில் பாட்டு ஒரு கோடாக, பள்ளம் மேடாகச் செதுக்கப்பட்டு இருந்தது. கம்ப்யூட்டரில் அந்தக் கோடு இல்லை. எண்கள்தான் இருக்கின்றன.

எப்படி? சத்தம் என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். 1982-ல் வந்த சி.டி. தட்டில் வைத்த கணக்கு இது. 4 நிமிடப் பாட்டுக்கு ஒரு காதுக்கு மட்டும் 1 கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் எண்கள்!

அந்த எண்களைத் திரையில் படமாகப் போட்டால், கடல் அலை போல் ஏறி இறங்கித் தெரியும். மேளத்தில் அடி விழும் இடமெல்லாம் அலை சட்டென்று உயர்ந்து நிற்கும். ஒரு உயரத்துக்கும் அடுத்த உயரத்துக்கும் எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் அளந்து பார்க்கிறது. அரை விநாடிக்கு ஒரு அடி என்றால், நிமிடத்துக்கு 120 அடி. இதுதான் பாட்டின் வேகம்.

ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி. அடுத்த பாட்டு 121 அடி. ஒரே ஒரு அடிதானே வித்தியாசம் என்று இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் என்ன ஆகும்? முதலில் சரியாகத்தான் இருக்கும். அரை நிமிடத்தில், ஒரு பாட்டின் அடி மற்றொரு பாட்டின் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே விழும். வெவ்வேறு வேகத்தில் இரண்டு உடுக்கைக்காரர்கள் அடிப்பது போல் இருக்கும். ஆடுகிறவருக்குக் கால் பின்னும்.

ஆகவே இரண்டு வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். பழைய டி.ஜே.க்கள் இதைக் கையால் செய்தார்கள். 1972-ல் ஜப்பான் நாட்டில் இருந்து "டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200" என்ற தட்டுச் சுழற்றி வந்தது. மோட்டாரும் தட்டும் நடுவில் பட்டை இல்லாமல் நேராக இணைந்தவை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு, விரலால் தட்டை மெல்லத் தள்ளி, மெல்லப் பிடித்து, அடியோடு அடியைச் சேர்ப்பார்கள். இதைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்றாம் கட்டை, ஒன்றரைக் கட்டை

இதில் ஒரு தொல்லை. தட்டை வேகமாகச் சுற்றினால் பாட்டு வேகமாகும். கூடவே சுருதியும் ஏறும். கிட்டத்தட்ட 100-க்கு 6 பங்கு வேகம் கூட்டினால் போதும். ஒன்றாம் கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார்! இன்னும் கூட்டினால் ஆண் குரல் பெண் குரலாகத் தொடங்கும்.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்ற முடியாதா? முடியும் என்று 1966-லேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் ஒரு வழி காட்டினார்கள். ஆனால் அந்தக் கணக்கைப் போட அன்று பெரிய கம்ப்யூட்டர்களே திணறின. இன்று சாதாரண லேப்டாப் கண் இமைப்பதற்குள் போட்டுவிடுகிறது. சத்தத்தை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றை நெருக்கி அல்லது தள்ளி, ஒட்டுத் தெரியாமல் மறுபடியும் கோத்துவிடுகிறது.

நியூசிலாந்து நாட்டில் ஒருவர் கிட்டார் பழகினார். சி.டி.யில் வேகமாக ஓடும் வாசிப்பைக் காதால் பிடிக்க முடியவில்லை. சுருதி கெடாமல் பாட்டை மெதுவாக்க ஒரு மென்பொருள் எழுதினார். அதில் இருந்து பிறந்ததுதான், இன்று டி.ஜே.க்கள் பலர் பயன்படுத்தும் "செராட்டோ" கம்பெனி. ஜெர்மனியின் "டிராக்டர்", ஜப்பானின் "ரெக்கார்ட்பாக்ஸ்", "விர்ச்சுவல் டி.ஜே." ஆகியவையும் புகழ் பெற்றவை.

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவக் கூடியது "மிக்ஸ்" என்ற மென்பொருள். 2001-ல் தோன்றியது. இலவசம்! ஆசை காட்டிப் பிறகு காசு கேட்கும் இலவசம் அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்து, பயன்படுத்தி, பிறருக்கும் கொடுக்கலாம். பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள்.

திரையில் என்ன இருக்கிறது?

இந்த மென்பொருள்களைத் திறந்தால், திரையில் இடது பக்கம் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு தெரியும். நடுவில் ஒரு நகரும் குமிழ். குமிழ் இடது ஓரத்தில் இருந்தால் இடது பாட்டு மட்டும் கேட்கும். வலது பக்கம் நகர்த்த நகர்த்த, இது குறைந்து அது கூடும்.

இன்னொரு வசதிதான் முக்கியம். கூட்டம் கேட்கும் பாட்டு ஒலிபெருக்கிக்குப் போகிறது. அடுத்து வரப்போகும் பாட்டு டி.ஜே.யின் ஹெட்போனுக்கு மட்டும் போகிறது. ஒரு காதில் ஊர் கேட்கும் பாட்டு. மறு காதில் ஊர் இன்னும் கேளாத பாட்டு. இரண்டையும் மனத்துக்குள் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். அவர் "சும்மா நிற்கும்" நேரத்தில் செய்யும் வேலை இதுதான்.

(புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் சத்தம் வெளியே வரும் வழி ஒன்றுதான். ஊருக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு வழி உள்ள சவுண்ட் கார்டு தனியாக வேண்டும். அது இல்லாமல் மேடை ஏறினால், அடுத்த பாட்டைத் தேடுவதும் ஊருக்கே கேட்கும்!)

அடியோடு அடி சேர்ந்தால் மட்டும் போதாது. வாக்கியத்தின் நடுவே மற்றொருவர் பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அதுபோல், பாட்டின் நடுவே கண்ட இடத்தில் அடுத்த பாட்டு நுழையக் கூடாது. ஆட்டப் பாட்டுகள் பெரும்பாலும் எட்டு எட்டு அடியாகக் கட்டப்பட்டவை. எட்டு முடிந்து புதிய எட்டு தொடங்கும் சமத்தில் நுழைய வேண்டும். ஆதி தாளம் போடப் பழகிய பெண் குழந்தைக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் தடுமாறும் இடம்

இவ்வளவு கெட்டிக்கார மென்பொருள், தமிழ்ப் பாட்டில் தடுமாறுகிறது. ஏன்?

இந்த மென்பொருள்களை எழுதியவர்கள் மனத்தில் வைத்தது, இயந்திர மேளத்தில் செய்த மேல்நாட்டு ஆட்ட இசை. நான்கு நான்கு அடி. தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே வேகம். நம் பழைய சினிமாப் பாட்டுகள் அப்படி இல்லை. பெரிய கூடத்தில் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை. சரணத்தில் மூச்சு வாங்கும். பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் முடுக்கும். மனிதர்கள் வாசித்தால் அப்படித்தான். கம்ப்யூட்டரோ ஒரே சீரான கட்டங்களைப் போட்டுவைத்து, பாட்டு அதற்குள் நிற்கவில்லை என்று விழிக்கும்.

நம் குத்துப் பாட்டு பலவும் திஸ்ர நடை. "தகிட தகிட" என்று மும்மூன்றாக நடக்கும். அதைக் கம்ப்யூட்டர் நான்காக எண்ணிவிட்டால் கணக்கு முழுவதும் தப்பு. சில நேரம் 70 அடிப் பாட்டை 140 என்று சொல்லும்.

அங்கேதான் மனிதன் வேண்டும். காதால் கேட்டு, கையால் தட்டிக் காட்டி, "இதுதான் அடி" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"பொத்தானை அமுக்கினால் இரண்டு பாட்டும் தானாகச் சேர்ந்துவிடுகிறதே, இது ஒரு வித்தையா?" என்று பழைய தட்டுக்கார டி.ஜே.க்கள் கேலி செய்வது உண்டு. அது வீண் கேலி. கூட்டல் கழித்தல் கம்ப்யூட்டரின் வேலை. அதை அதனிடமே விட்டுவிடலாம். பந்தலைப் பார்ப்பது மனிதனின் வேலை.

பந்தலைப் பார்ப்பது

ஒரு கல்யாண வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். மாலை 7 மணி. வந்து உட்கார்ந்து இருப்பவர்கள் தாத்தா, பாட்டிகள். அவர்களுக்குத் தெரிந்த பழைய பாட்டு மெல்ல ஓட வேண்டும்; பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் காது கேட்க வேண்டும். 8 மணிக்குக் குழந்தைகள் மேடைக்கு முன்னால் வந்து குதிக்கத் தொடங்கும். பந்தியில் சாப்பிட்டு முடித்த அத்தைமார்களும் சித்திமார்களும் நாணத்தோடு ஓரமாக நிற்பார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் பாட்டு ஒன்று வந்தால் போதும். கால் தானாக முன்னே வரும். இளைஞர்களுக்கு உரிய பாட்டு அதன் பிறகுதான். முதலிலேயே அதைப் போட்டால், பாதிப் பந்தல் எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

எந்தப் பாட்டுக்கு யார் முகம் மலர்கிறது, யார் காதைப் பொத்துகிறார் என்பது லேப்டாப் திரையில் தெரியாது. தலையை நிமிர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

நாதஸ்வர மேளக்காரர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். என்ன ராகம் வாசித்துக்கொண்டு இருந்தாலும், அவர்கள் கண் மணவறை மேலேயே இருக்கும். தாலியை எடுத்ததும் ஒரு கை உயரும். அடுத்த நொடி கெட்டிமேளம்!

மைக் செட்காரரும் அப்படித்தான். முதலில் பிள்ளையார் பாட்டு. எந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று அவருக்குத் தெரியும். இன்று டி.ஜே. ஆக விரும்பும் பிள்ளைகள், வேறு எங்கும் போவதற்கு முன், தங்கள் ஊர் மைக் செட்காரரிடம் ஆறு மாதம் பெட்டி தூக்கலாம். ஒயர் கட்டவும், ஆம்ப்ளிபயரைச் சுட்டுவிடாமல் காக்கவும், மழை வந்தால் எதை முதலில் மூட வேண்டும் என்றும் அங்கேதான் கற்க முடியும்.

61 நாள்

வீட்டில் மகன் கேட்கிறான்: "அம்மா, நான் டி.ஜே. ஆகப் போகிறேன். லேப்டாப் வேண்டும்."

தாய் கேட்கிறாள்: "ஏன்டா, இது ஒரு பிழைப்பா?"

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீனவர் வீடுகளில் கை இறுகும் காலம் அது. அதே சித்திரை, வைகாசியில்தான் ஊரெல்லாம் கல்யாணம்! படகு நிற்கும் மாதத்தில் பாட்டு ஓடும். அந்த அளவில் இது வீட்டுக்கு உதவும் தொழில்தான்.

ஆனால் தாயின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் கோவில் விழாக்கள் உண்டு. மார்கழியில் அதுவும் குறைவு. வாரத்தின் நடுநாட்களில் வேலை வராது. புதுச்சேரி நகரத்து ஓட்டல்களில் டி.ஜே.க்களுக்கு வேலை உண்டு, போட்டியும் உண்டு. ஆகவே இரண்டாவது தொழிலாக வைத்துக்கொள்கிறவன் பிழைப்பான். படிப்பை விட்டுவிட்டு இதையே நம்புகிறவன் கஷ்டப்படுவான். வட்டிக்குக் கடன் வாங்கிப் பெரிய பெட்டிகள் வாங்குவது வேண்டவே வேண்டாம். ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைக்கும். பழைய லேப்டாப், இலவச மென்பொருள், இரட்டை வழி சவுண்ட் கார்டு, ஒரு ஹெட்போன் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பழகத் தொடங்கலாம்.

பாட்டுகளையும் பார்த்துச் சேர்க்க வேண்டும். 4 நிமிடப் பாட்டின் எண்களை அப்படியே வைத்தால் 42 எம்.பி. இடம் பிடிக்கும். "எம்.பி.3" முறையில், காதுக்கு எளிதில் தெரியாத பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறார்கள். ரொம்பவும் சுருக்கி 4 எம்.பி. ஆக்கிய பாட்டு, செல்போனில் நன்றாகத்தான் இருக்கும். பந்தலின் பெரிய பெட்டியில் போட்டால் தகரத்தில் ஆணி கீறுவது போல் ஆகிவிடும்.

பாட்டுப் போட யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா? கல்யாணத்துக்கும், அதைச் சேர்ந்த ஊர்வலம், வரவேற்பு போன்றவற்றுக்கும் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இதை 2023 ஜூலையில் மத்திய அரசும் தெளிவுபடுத்தியது. ஓட்டல்களில் கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சி வேறு. அதற்கு உரிமம் தேவை.

காதுக்குள் இருக்கும் மயிர்

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

நம் காதுக்குள்ளே, நத்தை வடிவில் உள்ள ஒரு அறையில், மிக நுண்ணிய மயிர் உள்ள செல்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்குச் சொல்லுகிறவை அவைதான். பெரும் சத்தத்தில் அவை அழிந்தால் மறுபடியும் முளைப்பது இல்லை. தலைமயிர் போல் அல்ல.

சத்தத்தை "டெசிபல்" என்ற அளவால் அளக்கிறார்கள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரத்துக்கு 20 நிமிடம்! பெரிய ஒலிபெருக்கியின் பக்கத்தில் 100 டெசிபல் என்பது எளிதில் வரக் கூடியது. ஒரே கல்யாணத்தில் அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்துவிடும்.

முதலில் கெடுவது டி.ஜே.யின் காதுதான். காதை நம்பிப் பிழைக்கிறவன் காதை இழந்தால் என்ன மிச்சம்? காதடைப்பான் வைத்துக்கொள்வது கவுரவக் குறைச்சல் அல்ல. குழந்தைகளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்கவே கூடாது. திறந்தவெளியில், பெட்டியில் இருந்து உள்ள தூரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. திருவிழா போன்ற நாட்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை அரசு அனுமதிக்கலாம். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில், இந்த விதியைப் போலீஸ்காரர் வந்து சொல்ல வேண்டியது இல்லை. அடுத்த வீட்டில் தூங்குகிறவர் நான்கு மணிக்கு எழுந்து படகு தள்ள வேண்டும்.

மீனில் முள் எடுப்பது போல...

அண்மையில் வந்த புதுமை ஒன்று உண்டு. முடிந்துபோன பாட்டில் இருந்து குரலைத் தனியே, மேளத்தைத் தனியே பிரித்து எடுக்கிறது கம்ப்யூட்டர்! பாரிஸ் நகரத்து "டீசர்" என்ற கம்பெனி 2019-ல் இப்படி ஒரு மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் டி.ஜே. மென்பொருள்களிலும் அந்த வசதி வந்துவிட்டது. மீனில் இருந்து முள்ளை எடுப்பது போன்ற வேலை. முழுவதும் வந்துவிடாது, சிறு முள் எங்காவது தங்கிவிடும். ஆனாலும் பழைய பாடகரின் குரலை எடுத்துப் புதிய மேளத்தில் ஏற்ற முடிகிறது.

புதிய மேளம் எங்கிருந்து வர வேண்டும்? எல்லாவற்றையும் அமெரிக்காவில் இருந்துதான் எடுக்க வேண்டுமா? லண்டனில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், "எம்.ஐ.ஏ." என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகி. 2007-ல் வந்த அவருடைய "கலா" என்ற இசைத்தொகுப்பில் நம் உருமி மேளம் முழங்குகிறது. தொகுப்புக்கு அவர் வைத்தது தம் தாயாரின் பெயர். அந்த உருமியைக் கேட்டு உலகம் ஆடியது.

வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு உருமியை விட நெருங்கிய இசை ஒன்று இருக்கிறது. அதுதான் அம்பாப் பாட்டு. வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடும் பாட்டு. அது பொழுதுபோக்குக்காகப் பிறந்தது அல்ல. இருபது பேர் கையும் ஒரே நொடியில் இழுத்தால்தான் வலை நகரும், அதற்காகப் பிறந்தது. தாளத்தோடு தாளம் சேர்ப்பது இந்தக் கரையில் பழைய தொழில்!

இயந்திரப் படகு வந்த பிறகு, அம்பா பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தாத்தாக்களுக்குத் தெரியும், பேரன்களுக்குத் தெரியாது. செல்போன் ஒன்று போதும், பதிவு செய்துவிடலாம். "மிக்ஸ்" மென்பொருளில், இரண்டு தட்டுகளைத் தவிர, இதுபோன்ற சிறு ஒலித்துண்டுகளை வைத்துக்கொள்ளத் தனி இடம் இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் ஓடும் பாட்டின் மேல் அம்பா வந்து சேரும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். வலையின் பாரம் கூடும்போது அம்பா மெதுவாகும். பாரம் இளகும்போது வேகம் பிடிக்கும். எந்தக் கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள்ளும் அது அடங்காது. இரண்டு இரண்டு வரியாக நறுக்கி, கையால்தான் சேர்க்க வேண்டும். பதிவு செய்வதைக் கடற்கரையில் வைத்துக்கொண்டால் மைக்கில் காற்று அடிக்கும். தாத்தாவின் குரல் கேட்காது. வீட்டுத் திண்ணையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு முழம் தள்ளி போனை வைத்துப் பதிவு செய்தால் நன்றாக வரும்.